துணியில் ஒரு பொன்வண்டு: கேள்வி பதில்

கேள்வி: சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் கருவேல இலை போட்டு வளர்த்த பொன்வண்டைக் குர்தாவில் தைக்க ஆசை. பச்சை மினுமினுப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது. எப்படி வரைவது?

பதில்: எந்தப் பொன்வண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். முழுக்கப் பச்சையாக வெளிர் புள்ளிகளோடு ஒன்று உண்டு. கழுத்து பச்சையும் முதுகு செம்பழுப்புமாக இன்னொன்று. நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரையுங்கள். அசல் ஏறக்குறைய 4 செ.மீ. இருக்கும், துணியில் 5 செ.மீ. வைத்தால் வேலை செய்ய இடம் கிடைக்கும். பலரும் தவறுவது கால்களில்தான். முன்கால்கள் பச்சைக் கழுத்துப் பகுதியின் அடியிலிருந்தும், மற்ற இரண்டு ஜோடியும் மேல்சிறகின் (முதுகை மூடியிருக்கும் கடினமான சிறகு) முன்பாதிக்குக் கீழிருந்தும் வர வேண்டும். வால் பக்கத்தில் கால் வைத்தால் பொன்வண்டாகவே தெரியாது.

கேள்வி: அக்கா, மூன்று பச்சை நூல் வாங்கியும் மினுங்கவில்லை.

பதில்: அந்தப் பச்சை சாயத்தால் வருவதல்ல. சிறகின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம், அதனால்தான் கோணத்துக்கு ஏற்ப மாறுகிறது. நூலில் அதைக் கொண்டுவருவது தையலின் திசை. நடுக்கோட்டிலிருந்து இடச்சிறகை ஒரு பக்கமாகவும் வலச்சிறகை எதிர்ப்பக்கமாகவும் சாய்த்து சாட்டின் தையல் (இழைகளை இடைவெளியின்றி அருகருகே அடுக்கி நிரப்பும் தையல்) போடுங்கள். ஒரே நூலாக இருந்தாலும் ஒரு சிறகு வெளிறியும் மற்றது இருண்டும் தெரியும். துணியைத் திருப்பினால் இடம் மாறும். ஊசியில் கரும்பச்சை ஓரிழை, மயில் நீலம் ஓரிழை சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிக் நூலைக் கடைசியில் இடையிடையே ஓட்டினால் போதும். முழுக்க அதிலேயே அடைத்தால் தகரம் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மெட்டாலிக் நூல் பிரிந்து பிரிந்து போகிறது.

பதில்: 30 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். காது பெரிய ஊசி எடுங்கள். சின்னக் காதில் உரசித்தான் பிரிகிறது. தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டுத் தையுங்கள்.

கேள்வி: முதுகு மேடாக வர ஃபெல்ட் துணி வைத்தேன். ஓரத்தில் ஃபெல்ட் எட்டிப் பார்க்கிறது.

பதில்: இரண்டு துண்டு வேண்டும். வரைந்த கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே நிற்கும்படி ஒன்று, அதைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. சிறியதாக இன்னொன்று. சிறியது அடியில், பெரியது மேலே. நூலின் நிறத்திலேயே ஃபெல்ட் வாங்குங்கள். கோட்டின் மேல் சங்கிலித் தையலோ பிளவுத் தையலோ (முந்தைய தையலின் நூலைப் பிளந்து ஊசியை எடுப்பது) ஓட்டி, சாட்டின் தையல் அதையும் மூடி வெளியே இறங்க வேண்டும். ஓரத்தில் ஊசியைச் சாய்க்காமல் நேராகக் குத்துங்கள். சாய்த்தால் ஃபெல்ட் உள்ளே இழுபட்டு ஓரம் கோணலாகும். ஒரு தையல் 1 செ.மீ. தாண்டினால் தொளதொளத்துவிடும்.

கேள்வி: நிஜச் சிறகை வைத்துத் தைக்கலாமா?

பதில்: பழைய வழக்கம்தான். 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் மஸ்லினில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1903 டெல்லி தர்பாரில் அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபுவின் மனைவி அணிந்த மயில் கவுனிலும் வண்டுச் சிறகு உண்டு. ஆனால் இதற்காக உயிருள்ள வண்டைப் பிடிக்கவே கூடாது. தானாக இறந்து கிடப்பதில் மட்டும் எடுங்கள். காய்ந்த சிறகில் குத்தினால் விரிசல் விடும். ஆவியில் காட்டி இளகியதும் இரு முனையிலும் ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே துளையிடுங்கள். விளிம்பு கூர்மையானது, நூலை அறுக்கும். அடிக்கடி துவைக்கும் குர்தாவுக்கு வேண்டாம், சட்டம் போட்டு மாட்டும் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூலில் தைத்ததை எப்படித் துவைப்பது?

பதில்: சாயம் போகிறதா என்று நூல் துண்டை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள். குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள், பிழிய வேண்டாம். கனமான டவல் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போட்டால் மேடு அமுங்காது.