வயல் யார் பெயரில் இருக்கிறது?

ஐயா, ஆண்கள் பிழைப்புக்கு நகரத்துக்குப் போய்விட்டார்கள். விவசாயத்தைத் தாங்கிப் பிடிப்பது இன்று பெண்கள்தான். அப்படியானால் நகரமயமாதல் கிராமத்துப் பெண்ணுக்கு அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்றுதானே பொருள்? நீங்கள் ஏன் இதைக் குறையாகவே எழுதுகிறீர்கள்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை பெண்ணிடம் வந்துவிட்டது, உண்மைதான். அதிகாரம் வந்ததா என்பதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். விதைப்புக்குப் பணம் வேண்டும், வங்கி நிலப் பத்திரத்தைக் கேட்கும். அது பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். அவர் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போடும்வரை பருவம் காத்திருக்காது. வேறு வழியில்லாமல் அவள் வெளியில் கூடுதல் வட்டிக்கு வாங்குகிறாள். அப்புறம் பயிர் அழிந்தால் இழப்பீடும் பல இடங்களில் பத்திரத்தில் உள்ள பெயருக்கே போகிறது. தனிக்குடித்தனமாக இருந்தால் சில முடிவுகளாவது அவள் கைக்கு வரும். மாமனார் கூட இருந்தால் அதுவும் பெரும்பாலும் அவரிடம் போய்விடும்.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே அளவுள்ள பண்ணைகளில் ஆண்கள் நடத்துவதற்கும் பெண்கள் நடத்துவதற்கும் நில உற்பத்தித்திறனில் 24 சதவீத இடைவெளி இருப்பதாகச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு 'பெண்களுக்கு விவசாயம் வராது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விதை, உரம், கடன், வேளாண் அலுவலரின் ஆலோசனை எல்லாமே அவளுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் கிடைக்கும்போது விளைச்சல் எப்படிச் சமமாக இருக்கும்? வீட்டு வேலையும் பிள்ளைகளும் முதியோரும் வேறு அவள் பொறுப்பில்தான்.

கருவிகளையும் பாருங்கள். தோளில் மாட்டும் மருந்துத் தெளிப்பானில் 16 லிட்டர் பிடிப்பது சாதாரணம். தண்ணீரின் எடை மட்டுமே 16 கிலோ. அதைச் சுமந்து வரப்பில் நடக்க முடியாதவள் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். களைக்கொல்லி வந்த இடங்களில் கைக்களை எடுத்த பெண்களின் கூலிநாள் போய், மருந்தடிக்கும் ஆணுக்குக் கூலி போகிறது.

2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. விழாக்கள் நடக்கட்டும், சரி. நான் முதலில் கேட்பது கூட்டுப் பத்திரம். கடனுக்கும் காப்பீட்டுக்கும் பாசனச் சங்க உறுப்பினர் உரிமைக்கும் பெரும்பாலும் அதுதான் ஆதாரம். சட்டம் இடம் கொடுக்கிற இடத்தில், நகரத்துக்குக் கிளம்புகிறவர் மனைவியின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிட்டுக் கிளம்பட்டும்.