ஒட்டிய மறுநாளே காற்று இறங்கினால்

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோடு பைக் (மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிள்) ஓட்டுகிறேன். 25 மி.மீ. அகல டயர். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர். ஒட்டினாலும் மறுநாள் காற்று இறங்கிவிடுகிறது. டயரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். துளையை அடைத்துவிட்டு, துளைத்த பொருளை டயருக்குள்ளேயே விட்டிருக்க வாய்ப்பு அதிகம். டியூபைக் கழற்றும்போது அது இருந்த திசையை மாற்றாமல், வால்விலிருந்து துளை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தைத் தேடுங்கள். சீமைக் கருவேல முள்ளின் நுனி வெளியே தெரியாமல் உள்ளே முறிந்து நிற்கும். லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பியும் அப்படித்தான். விரலால் தடவினால் கிழித்துவிடும் என்பதால், பருத்தித் துணியை உட்புறம் முழுக்க ஓட்டுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது.

துளை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ரிம்மை ஒட்டிய பக்கம் என்றால், ரிம்மின் ஆரக்கால் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு டியூபை அறுத்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் என்றால், காற்றுக் குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, டியூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கியிருக்கும். வால்வின் அடியில் கிழிந்ததை ஒட்ட முயலாதீர்கள்; டியூபை மாற்றுங்கள்.

ஒட்டும் முறையில் பலரும் அவசரப்படுவது சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) காய்வதற்கு முன்புதான். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பேட்சைவிடச் சற்று அகலமாக மெல்லிய பூச்சிட்டு, ஈர மினுமினுப்பு அடங்கும் வரை ஐந்து நிமிடமாவது காத்திருந்து, பிறகு அழுத்துங்கள். இதைச் சாலையோரத்தில் நிதானமாகச் செய்ய இயலாது. ஆகவே வழியில் மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு, பழையதை வீட்டில் ஒட்டுவதே நல்லது. டியூபில் சிறிது காற்று விட்டு உள்ளே வைத்து, டயரின் விளிம்பை வால்வு இருக்கும் இடத்தில் கடைசியாக, கையாலேயே ஏற்றுங்கள். நெம்புகோல் பட்டுப் புது டியூபே கிழிந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மெல்லிய டியூபில் காற்று சில நாட்களிலேயே தானாகக் குறைந்துவிடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை பொருந்தும். டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாமல், ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அளவுமானி உள்ள பம்பினால் சரிபாருங்கள். சைக்கிள் ஃபிரேமில் இடமிருந்தால், அடுத்த முறை சற்று அகலமான 28 மி.மீ. டயர் வாங்குங்கள்.