சேலத்து வெள்ளைக்கல் பவளமா? மீன்தொட்டியில் போடலாமா?

கருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று முண்டும் முடிச்சுமாக ஒரு கல் கிடைத்ததாம், மீன் கடையில் பார்த்த பவளக்கல் மாதிரியே இருக்கிறதாம். சேலம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததா, இதை நியான் டெட்ரா விட்ட தொட்டியில் போடலாமா என்கிறார்.

கருப்பூர் மண்ணில் கிடைத்தது என்றால் அது பெரும்பாலும் நம்ம ஊர் வெள்ளைக்கல்தான், அதாவது மேக்னசைட் என்ற கனிமம். காலிஃபிளவர் பூ மாதிரி திரண்டு இருப்பதால் பவளம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சேர்வராயன் மலை பூமியின் ஆழத்தில் வெந்து உருவான சார்னோக்கைட் பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. இன்றைக்குத் திட்டு கட்டும் பவள இனங்கள் தோன்றியே 24 கோடி ஆண்டுதான் ஆகிறது, அதனால் இந்தப் பாறையில் பவளம் இருக்க வழியில்லை. பவளப் புதைபடிவம் பார்க்க ஆசை என்றால் அரியலூர், கல்லக்குடி பக்கம் போக வேண்டும், அங்கேதான் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் இருந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு லென்ஸ் எடுத்து மேற்பரப்பைப் பாருங்கள். பவளம் என்பது பாலிப் என்ற குட்டி விலங்குகள் கூட்டமாகக் கட்டிய வீடு. ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத் தனக்குக் கீழே ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்ளும், அந்தக் கிண்ணத்துக்குள் மெல்லிய தடுப்புகள் நடுவை நோக்கி வரும், பெரும்பாலும் ஆறு, பன்னிரண்டு என்று ஆறின் மடங்கில். இந்த ஒழுங்கு எந்தக் கனிமத்துக்கும் தானாக வராது. பாலிப் வளர வளரப் பழைய தளத்தை விட்டு மேலே ஏறிப் புதிதாகக் கட்டும். அதனால் எத்தனை பெரிய பாறையாக இருந்தாலும் உயிர் இருப்பது மேலே ஒரு மெல்லிய தோல் அளவுக்குத்தான். அந்தத் தோலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தருவதே பவளத்தின் பெரும்பங்கு உணவு. இப்படிப்பட்ட திட்டுகள் வெளிச்சம் எட்டும் ஆழம் குறைந்த கடலில் மட்டும் வளர்வது இதனால்தான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படி நடந்தது.

இன்னொரு சோதனை, எலுமிச்சைச் சாறு. பவளத்தில் விட்டால் உடனே நுரைக்கும், மேக்னசைட் ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆனால் சாதாரண சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும் என்பதால் லென்ஸ் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

தொட்டி விஷயத்துக்கு வருவோம். வெள்ளைக்கல் மிக மெதுவாகத்தான் கரையும், நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போட்டால் பெரிதாக எதையும் மாற்றாது. பவளக்கல் அப்படி இல்லை, கரைந்து தண்ணீரின் கடினத்தையும் காரத்தையும் ஏற்றிவிடும். கப்பி, மோலி மீன்கள் என்றால் தாங்கும். நியான் டெட்ரா மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் பழகிய மீன், உங்கள் வீட்டில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் ஏற்கெனவே அது திணறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் கடையில் நிஜப் பவளம் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். திட்டு கட்டும் கல்பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், செத்த துண்டை விற்பதும் குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவில் வருஷக்கணக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த பிறகு விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. தொட்டி அழகுக்கு ஆற்றுக் கூழாங்கல் போதும்.