பாதிவரை குழாய் போதாது, உச்சிவரை போக வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் ஹோவிக்கிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறோம். குளிருக்குப் புது விறகு ஸ்டவ் வைக்கப் போகிறோம், அதன் புகைவாய் 150 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் குழாயைப் புகைபோக்கிக்குள் விட்டால் போதும் என்கிறார் ஃபிட்டர். சரியா?"

சரியில்லை, ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய புகைபோக்கியின் உள்அளவு 230க்கு 230 என்று வைத்துக்கொண்டால், உங்கள் குழாயைப் போல மூன்று மடங்கு இடம். குழாயை விட்டு வெளியே வரும் புகை அங்கே பரவி, வேகம் குறைந்து, ஜூலை மாதக் குளிரில் கிடக்கும் செங்கல்லில் பட்டு ஆறிப்போய்த் தாராகப் படியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு வீட்டில் இப்படி வைத்திருந்ததைக் கழற்றினேன், சுவர் முழுக்கக் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் காய்ந்த மாதிரி பளபளவென்று இருந்தது, பிரஷ் போட்டாலும் வரவில்லை. அது பற்றிக்கொண்டால் உள்ளே சூடு ஆயிரம் டிகிரிவரை ஏறும், பழைய காரை வெடித்திருந்தால் நெருப்பு நேரே கூரை மரத்துக்குத்தான் போகும்.

அதனால் ஸ்டவ் வாயிலிருந்து உச்சிவரை ஒரே லைனர், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் உள்குழாய், அதே 150 அளவு, எங்கேயும் சுருக்கக் கூடாது. விறகுக்கு என்று செய்த இரட்டைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 கிரேடு. கேஸுக்கான ஒற்றைச் சுவர் குழாய் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். நம் நாட்டு நிலக்கரிப் பகுதியான டண்டீ, நியூகாசில் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி நீங்களும் நிலக்கரி போடுவீர்கள் என்றால் 904 கிரேடு கேளுங்கள், நிலக்கரியில் உள்ள கந்தகம் 316ஐ அரித்துவிடும்.

லைனரைச் சுற்றி, சூடு ஆறாமல் இருக்க, 25 மில்லிமீட்டர் செராமிக் போர்வை. மொத்தம் 200 ஆகிறது, 230க்குள் நுழையும், ஆனால் உள்ளே காரை துருத்திக்கொண்டிருக்கும். வாங்குவதற்கு முன் 200 அகலத்தில் பலகையை வட்டமாக வெட்டி, கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கிப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கீழே எஃகுத் தகடு போட்டு அடைப்பது, மேலே மழைமூடி, வருடம் ஒரு முறை சுத்தம், நன்றாகக் காய்ந்த வாட்டில் மர விறகு. இதெல்லாம் அந்த ஃபிட்டருக்கே தெரியும். ஸ்டவ் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, சாதாரணப் புகை அலாரம் அதற்குக் கத்தாது.