பாத எரிச்சலுக்குப் பத்தியம் உண்டா?

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய்க்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம். ராத்திரி ஆனால் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. சாப்பாட்டிலேயே சரி செய்ய முடியுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: கெட்டுப்போன நரம்பைச் சாப்பாடு புதுப்பிக்காது, மேலும் கெடாமல் காக்கும். முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள்; அது குறைந்தாலும் நரம்பு கெடும். மெட்ஃபார்மின் அதை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும், சைவ உணவிலோ அது பால், தயிர், மோரில்தான் உண்டு. அளவு மில்லிலிட்டருக்கு 200 பைக்கோகிராமுக்குக் கீழே என்றால் தயிர் மட்டும் போதாது, மாத்திரையோ ஊசியோ வேண்டும். 'நரம்புச் சத்து மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றில் இருக்கும் வைட்டமின் பி6 மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்!

150 கிராம் சோற்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. தட்டில் பாதி கீரை, அவரை, புடலை. கால் பங்கு பருப்போ சுண்டலோ. மிச்சக் கால் பங்கில்தான் சோறு. காய், பருப்பை முதலில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். கேழ்வரகுக் கூழும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது.

வேகம் வேண்டாம். பட்டினி கிடந்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் சிலருக்கு எரிச்சல் கூடும். மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். எரிகிறதே என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள்; மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் சொல்லும்.