மிஞ்சிய துண்டும் முதலும்: மலையகச் சிறுதொழிலாளரின் கேள்விகளும் பதில்களும்

ஹற்றனில் தையலும் கைப்பணியும் செய்துவரும் பெண் ஒருவர், தொழிலில் மிஞ்சும் பொருள்களைப் பற்றி மற்றவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (தலவாக்கலை, தையற்கடை): அக்கா, சீருடை தைக்கும் காலத்தில் வெள்ளைத் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. கால்மிதியைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, தம்பி. ஆனால் துணியை இனம் பிரிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால், பருத்தி கடதாசி எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். பருத்தித் துண்டுகளுக்குத் தேயிலைச் சாயம் நன்றாகப் பிடிக்கும். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் வீசும் தேயிலைச் சக்கையை வாங்கிவந்து மீண்டும் கொதிக்கவைத்து வடிகட்டி, நனைத்த துணியை அதில் ஒரு மணித்தியாலம் இளஞ்சூட்டில் வைத்தால் இளம்பழுப்பு நிறம் வரும். துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்து, அந்நீரில் சிறிதளவைத் தண்ணீரில் கலந்து, சாயமேறிய துணியை அதில் முக்கினால், தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் டனின் இரும்போடு சேர்ந்து பழுப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். இரும்பு மிகுந்தால் துணி நாளடைவில் இற்றுப்போகும் என்பதால், சில நிமிடங்களில் எடுத்து நன்றாக அலசிவிடுங்கள். தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதைக் கையாளத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும்.

இப்படிச் சாயமேற்றிய துண்டுகளில் சுருக்குப் பைகள் தைத்தால், சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலை விற்கும் கடைகள் பொதியிடுவதற்கு வாங்கிக்கொள்ளும். கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுப்பது 2025 நவம்பர் முதல் தடுக்கப்பட்டிருப்பதால், பெரிய துண்டுகளைக் கடைப்பைகளாகத் தைப்பதற்கும் இது நல்ல வேளை.

கேள்வி (பண்டாரவளை, தையல் பயிற்றுநர்): மிஞ்சிய துணி சும்மா கிடைப்பதுதானே, அதில் தைத்த பைகளைப் பாதி விலைக்குக் கொடுத்தால் என்ன?

பதில்: துணிதான் சும்மா கிடைக்கிறது, கைகள் சும்மா கிடைப்பதில்லை. முழுத்துணியில் வெட்டிய பையைவிடப் பல துண்டுகளை இணைத்த பைக்குத் தையல் நேரம் கூடுதலாகச் செல்லும்; அந்த நேரத்துக்குக் கூலி போட்டபின் விலை கட்டாவிட்டால், அப்பொருளைச் செய்யாமல் விடுவதே இலாபம். ஆகவே உள்ளங்கையைவிடச் சிறிய துண்டுகளை நான் தைப்பதில்லை. நறுக்கி மெத்தைத் திண்டுக்குள் அடைத்துவிடுவேன்.

கேள்வி (நுவரெலியா, மெழுகுதிரி செய்பவர்): ஒழுகிய மெழுகும் உடைந்த திரிகளும் நிறைய மிஞ்சுகின்றன. மறுபடி வார்த்தால் நிறம் மங்கிவிடுகிறது.

பதில்: பல நிறங்களும் பல வாசனைகளும் கலந்த மெழுகை மீண்டும் மெழுகுதிரியாக்க முயல வேண்டாம், ஐயா, உங்கள் ஊர்க் குளிருக்கு வேறு வழி இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்கித் திரித் துண்டுகளை வடிகட்டுங்கள். பிறகு முட்டை அடுக்கும் கடதாசித் தட்டின் குழிகளில் காய்ந்த மரத்தூளை நிரப்பி, அதன்மேல் மெழுகை ஊற்றி இறுகவிட்டால், கணப்படுப்பு மூட்டும் வில்லைகள் கிடைக்கும். விடுதிகளிலும் பழைய பங்களாக்களிலும் ஈர விறகோடு மல்லாடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏப்ரல் வசந்த காலக் கூட்டம் வருமுன்பே கொடுத்துவையுங்கள். உருக்கும்போது மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும்.

கேள்வி (வெலிமடை, தச்சுப் பட்டறை): அதற்கு எங்கள் மரத்தூள் உதவுமா?

பதில்: பூச்சுப் படாத சவுக்குப் பலகையின் தூள் என்றால் உதவும். வார்னிஷ் கலந்ததும், பசையிட்டு அழுத்திய பலகைகளின் தூளும் கூடாது, புகை நல்லதல்ல.

கேள்வி (பதுளை, கைப்பணிக் குழு): சேர்த்துவைத்த துணி பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

பதில்: ஹற்றன் பக்கம் மே மாதத் தென்மேல் பருவமழையோடும், உங்கள் பக்கம் ஆண்டிறுதி வடகீழ்ப் பருவமழையோடும் இந்தத் தொல்லை கூடும். பொலித்தீனில் கட்டிவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் போட்டு, நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் கையிருப்பைக் குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.