குருவும் சீடர்களும்: மிச்சிகன் தற்காப்பு பற்றி 2025 பருவத்துக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். டெட்ராய்ட் அருகே நோவையில் கார் தொழிலில் பொறியாளராக இருக்கிறேன். மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாணவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டம் விடாமல் போய்விடுவாள். அவளால் எனக்கும் இந்த அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. ஒரு சந்தேகம். 2021இல் மிச்சிகனின் தற்காப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற மைக் மெக்டொனால்டும் அடுத்து வந்த ஜெஸ்ஸி மிண்டரும் பால்டிமோர் ரேவன்ஸ் என்னும் தொழில்முறை அணியில் விங்க் மார்ட்டின்டேலின் கீழ் வேலை பார்த்தவர்கள். இந்தச் சீடர்கள் இருந்த மூன்று ஆண்டுகளில் மிச்சிகன் 40 ஆட்டங்களை வென்று 3இல் மட்டுமே தோற்றது. குருவே நேரில் வந்த 2024இல் 8 வெற்றி, 5 தோல்வி. இப்போது தற்காப்பு வீரர்களான மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட், வில் ஜான்சன் ஆகியோரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். மார்ட்டின்டேலை மாற்றியிருக்க வேண்டாமா? வரும் 2025 பருவத்தில் என்னதான் எதிர்பார்ப்பது?

ஆர்.எம்., நோவை, மிச்சிகன்

அன்புள்ள ஆர்.எம்.,

உங்கள் கணக்கு சரி, ஆனால் குற்றவாளியைத் தவறான வீட்டில் தேடுகிறீர்கள். 2024இல் டெக்சஸ், வாஷிங்டன், இல்லினாய், ஓரிகன், இந்தியானா ஆகிய ஐந்து அணிகளிடம் தோற்றபோது மிச்சிகன் எடுத்த புள்ளிகள் முறையே 12, 17, 7, 17, 15. ஐந்தில் ஒன்றில்கூட 17ஐத் தாண்டாத அணி எந்தத் தற்காப்பை வைத்துக்கொண்டும் பட்டம் வெல்ல முடியாது. ஜே.ஜே. மெக்கார்த்தி போன பிறகு, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஆளே அமையாமல் மூன்று பேரை மாற்றி மாற்றி ஆடவிட்ட ஆண்டு அது. எனினும் உங்கள் கேள்வியின் உள்ளே வேறொரு நல்ல கேள்வி இருக்கிறது: ஒரே பள்ளியில் பயின்றவர்களின் தற்காப்பு ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை? அதற்குப் பதில் சொல்ல மெக்டொனால்டுக்கு முன்பிருந்த டான் பிரவுனிடமிருந்து தொடங்க வேண்டும்.

பிரவுன் 2016 முதல் 2020 வரை தற்காப்பைக் கவனித்தார். எதிரணியின் ஒவ்வொரு பந்து பிடிப்பாளருக்கும் ஓர் ஆளை ஒட்டவிட்டு, மிச்சமுள்ளவர்களை குவார்ட்டர்பேக் மீது ஏவுவது அவர் வழி. 2018 நவம்பரில் கொலம்பஸுக்கு ஒஹையோ ஸ்டேட்டுடன் ஆடப் போனபோது, எதிரணி முன்னேற விட்டுக்கொடுத்த கெஜங்களின் கணக்கில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது மிச்சிகன் தற்காப்பு. அணியும் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றிருந்தது. அன்று 62-39 என்று தோற்றது. நடந்தது மிக எளிமையானது. ஒஹையோ ஸ்டேட் இரண்டு பிடிப்பாளர்களை எதிரெதிர்த் திசையிலிருந்து நடுக்களத்தில் குறுக்காக ஓடவிட்டது. ஆளுக்கு ஆள் துரத்தும் முறையில், அவர்களைத் துரத்தி வரும் இருவரும் அந்தக் குறுக்குச் சந்திப்பில் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த அரை நொடியில் பாரிஸ் கேம்ப்பெல் போன்ற வேகக்காரருக்கு முன்னால் களம் காலியாகிவிடுகிறது. எல்லோரும் தத்தம் ஆளின் முதுகைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பதால் பந்தைப் பார்த்து வந்து மறிக்க எவரும் மிஞ்சுவதில்லை. அடுத்த ஆண்டு சொந்தக் களத்திலும் 56-27 என்று தோல்வி.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் ஒஹையோ ஸ்டேட்டின் ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் மிச்சிகனுக்கு எதிராக எறிந்து சேர்த்தது 396 கெஜம். மெக்டொனால்டின் தற்காப்புக்கு எதிராக 2021இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் சேர்த்தது 394 கெஜம். வேறுபாடு இரண்டே கெஜம்! ஆனால் முன்னதில் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெற்றுத் தந்த எறிதல்கள் (டச் டவுன்) 6, பின்னதில் 2. ஹாஸ்கின்ஸ் 20 வெற்றிகரமான எறிதல்களிலேயே அதைச் சாதித்தார். ஸ்ட்ரவுட்டுக்கு அப்படி 34 தேவைப்பட்டன. அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 20 கெஜம் என்பது 12க்குக் கீழே இறங்கியது. மிச்சிகன் 42-27 என்று வென்றது. (2018இன் 62 புள்ளிகளில் ஒரு டச் டவுன், மிச்சிகன் உதைத்த பந்தைத் தடுத்ததால் வந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்தாலும் கதை மாறாது.) மெக்டொனால்ட் கெஜங்களைத் தடுக்க முனையவில்லை. எதிரணி நீண்ட தூரத்தைச் சிறிய அடிகளாகவே கடக்க வேண்டும், அவ்வளவு அடிகளில் எங்காவது ஓரிடத்தில் அவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று பின்கட்டில் இரண்டு சேஃப்டிகளை (கடைசிக் காவலர்களை) ஆழமாக நிறுத்திக் காத்திருந்தார்.

காத்திருப்பது மட்டும் என்றால் எந்தப் பயிற்சியாளரும் செய்துவிடலாம். மெக்டொனால்டின் திறமை மறைப்பில் இருந்தது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கிய பிறகு ஃபீல்டர் குறிப்பிடத்தக்க அளவில் இடம் மாறுவது விதிப்படி முறையற்றது; மட்டையாளருக்கு அந்த ஓர் உறுதி உண்டு. இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்கு அது கிடையாது. பந்து கைக்கு வரும் வரை தற்காப்பு எப்படி வேண்டுமானாலும் நகரலாம், தாக்கும் அணியில்தான் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். இதைப் பயன்படுத்தி ஆறு பேர் முன்வரிசையில் பாயப்போவதுபோல் நிற்பார்கள். பாய்வது நால்வர்தான், ஆனால் எந்த நால்வர் என்பது பந்து அசைந்த பிறகே தெரியும். பாயாத இருவர் பின்வாங்கி, குவார்ட்டர்பேக் அவசரமாக எறிய நினைக்கும் அதே இடத்தில் வந்து நிற்பார்கள். நால்வரை மட்டும் அனுப்பியே அழுத்தம் தர முடிந்தது என்றால் அதற்கு முக்கியக் காரணம் ஏடன் ஹட்சின்சன். அந்த ஒஹையோ ஸ்டேட் ஆட்டத்தில் மட்டும் மூன்று முறை ஸ்ட்ரவுட்டைப் பிடித்து வீழ்த்தினார். அந்தப் பருவத்தில் மொத்தம் 14. மறு ஓரத்தில் டேவிட் ஒஜாபோ 11. பருவம் தொடங்கும்போது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் உள்ள 25 அணிகளில் மிச்சிகனுக்கு இடமே தரப்படவில்லை என்பதை, எதிர்பார்ப்பு என்னும் சொல் வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மெக்டொனால்ட் ஒரே ஆண்டில் ரேவன்ஸுக்குத் திரும்பினார்; அங்கே அவர் பெற்ற இடம் மார்ட்டின்டேல் விட்டுச் சென்ற இடம். மிச்சிகனுக்கு வாண்டர்பில்ட்டிலிருந்து மிண்டர் வந்தார். அழைப்பு முறை, பெயர்கள், அடிப்படை விதிகள் எவையும் பெரிதாக மாறவில்லை. 2022இல் கொலம்பஸில் இரண்டாம் பாதி முழுவதும் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மூன்றே புள்ளிகள்தாம் கிடைத்தன. 2023இல் பதினைந்து ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றபோது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளிகள்தாம் கொடுத்தார்கள், நாட்டிலேயே மிகக் குறைவு. அந்த ஆண்டு சைகைத் திருட்டு விவகாரம் வெடித்ததையும், மிச்சிகன் ஆடும் பிக் டென் அமைப்பு தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்குத் தள்ளிவைத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. எதிரணியின் சைகைகளை முன்கூட்டியே படம்பிடிக்க ஆளனுப்பியது விதிக்குப் புறம்பானது. அதற்கு மிச்சிகன் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தற்காப்பின் வலிமை அந்தத் திருட்டால் மட்டுமே வந்தது என்பவர்கள், விவகாரம் அம்பலமான பிறகு நடந்த ஆட்டங்களையும் பார்க்க வேண்டும். அரையிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ ஆறு முறை வீழ்த்தப்பட்டார். கூடுதல் நேரத்தில் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் கோட்டுக்கு மூன்று கெஜம் முன்பிருந்து நடுவே ஓடிவந்தவரை அங்கேயே மடக்கினார்கள். அந்தப் பருவத்தில் எறிதல் கெஜங்களில் நாட்டின் முதல்வரான வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ், இறுதி ஆட்டத்தில் 51 முறை எறிந்தும் 255 கெஜம்தான் சேர்த்தார். 2024இலிருந்து பயிற்சியாளர் வீரரிடம் நேரடியாகப் பேசும் தலைக்கவச ரேடியோ அனுமதிக்கப்பட்டுவிட்டதால் சைகை பற்றிய வழக்கே பாதி பழங்கதையாகிவிட்டது.

இனி மார்ட்டின்டேல். அவர் குரு என்பது உண்மை. ஆனால் சீடர்கள் குருவிடமிருந்து மறைப்பை எடுத்துக்கொண்டு பாய்ச்சலைக் குறைத்துக்கொண்டவர்கள். மார்ட்டின்டேல் ரேவன்ஸிலும் பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸிலும் தொழில்முறை லீகிலேயே அதிகம் பிளிட்ஸ் (வழக்கத்தைவிடக் கூடுதல் பேரை குவார்ட்டர்பேக் மீது ஏவுவது) செய்பவர்களில் ஒருவராக அறியப்பட்டார். ஐவர், அறுவர் பாயும்போது பின்னே இருப்பவர்கள் தனித்தனியாகத் தத்தம் ஆளைக் காக்க வேண்டும். அதாவது டான் பிரவுனின் பழைய சிக்கல் பின்வாசல் வழியாகத் திரும்ப வருகிறது. கல்லூரி ஆட்டத்தில் இது இன்னும் ஆபத்தானது, காரணம் களத்திலேயே இருக்கிறது. களத்தின் அகலம் 160 அடி. பந்து வைக்கப்படும் உள்கோடுகளின் இடைவெளி தொழில்முறை ஆட்டத்தில் பதினெட்டரை அடி, கல்லூரியில் 40 அடி. எனவே பந்து ஓர் உள்கோட்டில் இருக்கும்போது அகன்ற பக்கத்தில் தொழில்முறையில் 89 அடி காக்க வேண்டும் என்றால் கல்லூரியில் 100 அடி. தனியாக விடப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பதினோரு அடி பெரிய தூரம். மேலும் கல்லூரி வீரர்களுக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது விதி. தொழில்முறையில் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர், எதைச் சொல்லாமல் விடுவது என்று கற்றுக்கொள்ளவே ஒரு பருவம் எடுப்பது இயல்பு. 2024 செப்டம்பரில் டெக்சஸ் வந்து 31 புள்ளிகள் எடுத்தபோது, இருவர் ஒரே ஆளைக் காக்க மற்றொருவர் தனியே நிற்கும் காட்சியை நீங்களும் மகளும் மேலிருந்தே பார்த்திருப்பீர்கள். திட்டம் மோசம் என்பதைவிட, திட்டம் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழவில்லை என்பதே என் எண்ணம். வசந்தகாலப் பயிற்சியிலேயே சேஃப்டி ராட் மூர் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுதும் வெளியே இருந்தார். பின்கட்டில் நின்று மற்றவர்களை இடம் நிறுத்தும் ஆள் அவர்தான். அவருடைய இழப்பு, மிண்டர் போனதைவிடப் பெரியது என்றுகூடச் சொல்வேன்.

அதே மார்ட்டின்டேலின் கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தியானா 20, நார்த்வெஸ்டர்ன் 6, ஒஹையோ ஸ்டேட் 10, அலபாமா 13. இதில் ஒஹையோ ஸ்டேட் பின்னர் தேசியப் பட்டமே வென்ற அணி. அதன் சொந்தக் களத்தில், வில் ஜான்சன் காயத்தால் ஆடாத நிலையில், 13-10 என்று வீழ்த்தினார்கள். கிரஹாமும் கிராண்டும் நின்ற நடுவரிசைக்குள்ளேயே மீண்டும் மீண்டும் பந்தைக் கொண்டுபோய் முட்டிய ஒஹையோ ஸ்டேட்டுக்கு ஓட்டத்தில் கிடைத்தது 77 கெஜம். இருவரும் அவ்வளவு கனமாக இருந்ததால் நடுவே கூடுதல் ஆள் வேண்டியிருக்கவில்லை. பின்னே ஆட்கள் மிஞ்சினார்கள். மார்ட்டின்டேலும் முன்போல் அடிக்கடி ஆட்களை ஏவவில்லை என்றே என் கண்ணுக்குப் பட்டது. குரு சீடர்களின் வழிக்கு வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆகவே மாற்றியிருக்கக் கூடாது என்பதே என் பதில். மாற்றியிருந்தால் ஓராண்டில் மிகுந்த சேதத்துடன் கற்ற பாடத்தைப் புதிதாக வருபவர் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து கற்க வேண்டியிருக்கும். என் கவலை வேறிடத்தில். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் வரைவுத் தேர்வில் கிரஹாம் ஐந்தாவதாகவும் கிராண்ட் பதின்மூன்றாவதாகவும் போனார்கள். ஒரே கல்லூரியின் நடுவரிசையிலிருந்து முதல் சுற்றில் இருவர் போவது அபூர்வம், அவர்களுக்கு ஈடாக இருவரை ஒரே கோடையில் கொண்டுவருவது அதைவிட அபூர்வம். ரேஷான் பென்னி இருக்கிறார். கிளெம்சனிலிருந்து ட்ரே வில்லியம்ஸும் அலபாமாவிலிருந்து டேமன் பெய்னும் மாறி வந்திருக்கிறார்கள். நல்ல வீரர்கள்தாம், எனினும் இருவருக்கு இருவர் என்று கணக்குப் பார்க்க முடியாது. மூவர் மாறி மாறி ஆடி அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். ஓரத்தில் டெரிக் மூர் இருப்பதும் ராட் மூர் குணமாகி வருவதும் ஆறுதல். 2024 டிசம்பர் 31 அன்று டாம்பாவில் கிரஹாமும் கிராண்டும் ஆடாமலேயே அலபாமாவை 19-13 என்று வென்றார்கள் என்று நீங்கள் நினைவூட்டலாம். நானும் அதையே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்று கொட்டிய மழையில் எந்த எறிதலையும் அளவுகோலாகக் கொள்ளத் தயங்குகிறேன்.

தாக்கும் பக்கத்தில் பெல்வில்லிலிருந்து வரும் பிரைஸ் அண்டர்வுட், நாட்டின் முதல் தரப் பள்ளி வீரர் என்று மதிப்பிடப்பட்டவர். உங்கள் பக்கத்து ஊர்ப் பையன். அவரிடம் முதல் ஆண்டிலேயே அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். தோற்ற ஆட்டங்களில் சராசரியாக எடுத்த அந்த 13, 14 புள்ளிகளை 20க்கு மேல் கொண்டுபோனாலே இந்தத் தற்காப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். என் மதிப்பீடு ஒன்பது வெற்றிகள். நவம்பர் 29 அன்று சொந்தக் களத்தில் ஒஹையோ ஸ்டேட்டை வென்றால் பத்து.

அதற்கு முன் செப்டம்பர் 6ஆம் தேதி ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் நடக்கும் ஆட்டத்தை மகளுடன் உட்கார்ந்து பாருங்கள். எதிரில் ஜான் மெட்டீர், எறியவும் ஓடவும் தெரிந்த குவார்ட்டர்பேக். மார்ட்டின்டேல் எத்தனை பேரை ஏவுகிறார் என்று எண்ண வேண்டாம். மெட்டீரின் வெற்றிகரமான எறிதல் ஒவ்வொன்றும் எத்தனை கெஜம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். சராசரி பன்னிரண்டுக்குக் கீழே நின்றால், அன்று மிச்சிகன் தோற்றாலும் பயப்பட வேண்டியதில்லை. பதினைந்தைத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.